கடலைப் பார்த்த அறை

எங்கள் தலச்சேரி வீட்டில் கல்யாணமான பெண்கள் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைகள்தான் இரவுச் சாப்பாட்டுக்கு வந்து தங்கி, விடிந்ததும் கிளம்புவார்கள். ஆளுக்கொரு அறை. கடைசியாகக் கல்யாணமாகி வரும் புதியாப்பிள்ளைக்கு மட்டும் இருப்பதிலேயே நல்ல அறை. அங்கே இருந்தவர்கள் காலி செய்ய வேண்டும்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். கடலைப் பார்த்த மாடி அறை என் அக்கா ஷம்லா இத்தாவிடம் இருந்தது. அவள் போட்டுக் கழித்த பாவாடை, அவள் படித்துக் கிழித்த புத்தகம் என்றே வளர்ந்தவள் நான். பன்னிரண்டு வயதில், அவள் கல்யாணத்தன்று அந்த அறை வாசலில் நின்று வயிறெரிய அழுதேன். இப்போது அது எனக்கு வருகிறது, சந்தோஷம்தான் வரவில்லை. இத்தாவின் மாப்பிள்ளை ஹாரிஸ் இந்தப் பக்கம் வந்தே ஐந்து மாதமாகிறது. அவர் கட்டிலை நகர்த்தினால், இனி வரவே மாட்டார் என்று தெருவே முடிவு கட்டிவிடும். காலையிலிருந்து மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

"கால் தேயப் போகுதுடி," என்றாள் உம்மா. "பெயிண்டர் வந்து உட்கார்ந்திருக்கான். நீயே போய் இத்தாகிட்ட சொல்லு."

"நானா?"

"சின்னதுலேருந்து அதுக்கு ஆலாப் பறந்தது நீதானே?"

சுருக்கென்றது. ஏறிப் போனேன். இத்தா புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்த அறை வேண்டாம் இத்தா. பின்னறை போதும்."

"பைத்தியமா உனக்கு? அடுப்புப் புகை பூரா அங்கதான் வரும். புதியாப்பிள்ளை ஒரே வாரத்துல ஓடிடுவான்." சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓடினா ஓடட்டும். மச்சான் வந்தா எங்க படுப்பாரு?"

"வரமாட்டாரு நஸ்மி." அவள் கை நிற்கவில்லை. "நோம்புலயே தலாக் கடுதாசி வந்துடுச்சு."

"உம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா உன் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க சும்மா இருப்பாங்களா? ஞாயித்துக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்றேன்."

நோன்பு முடிந்து மூன்று மாதம். பந்தலுக்கு ஆள் பேசினாள், நான் தலையில் போடும் தட்டத்துக்கு ஜரிகை தைத்தாள், மச்சானைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் 'வேலை ஜாஸ்தி' என்று சிரித்தாள். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. பெட்டியைப் பிடுங்கி, புடவைகளை அள்ளி அலமாரியில் திணித்தேன்.

"கசங்குதுடி!"

"கசங்கட்டும்."

தடதடவென்று இறங்கினேன். பெயிண்டரிடம் பின்னறையைக் காட்டினேன்.

உம்மா ஓடி வந்தாள். "அது எப்படி? நல்ல அறை புதியாப்பிள்ளைக்குத்தானே? ஹாரிஸ் வரேன்னு சொல்லியிருக்கானா?"

"எந்த மாப்பிள்ளை வந்தா என்ன, வராட்டி என்ன? அது இத்தாவோட அறை உம்மா."