பின்வளவு வெளிச்சம்

எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு. வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் கொழும்பு ஹோட்டலில் தங்கியிருந்த அமெரிக்க ஏஜென்ட் துரையின் கையில் தந்தி இருக்க வேண்டும். அதன் பிறகு துரை கப்பல் ஏறிவிடுவார். தந்தியில் ஒரே ஒரு சொல் போதும் என்று அவர் எழுதியிருந்தார். நியூயோர்க், இல்லாவிட்டால் சிக்காகோ.

றஊப் ஹாஜியார் வீட்டில் ஒரு சொல்லை முடிவு செய்ய எழுபத்தொரு மணி நேரம் எந்த மூலைக்கு என்று மருமகள் பளீலா நினைத்தாள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆடா மாடா என்று முடிவு செய்யவே அந்த வீட்டுக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

இரண்டு மாதங்களுக்கு முன், புது ரயிலில் இரத்தினபுரிக்கு வந்த துரை, மூன்று நாள் ஹாஜியாரின் கடையில் உட்கார்ந்து, அவருடைய மகன் முஹ்ஸின் கல் பார்க்கும் அழகைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கண் தங்கள் கம்பெனிக்கு வேண்டும் என்று இப்போது எழுதியிருந்தார். கல் தரம் பிரிக்கும் வேலை. மனைவியையும் தாயையும் கூட்டி வரலாம். இரண்டு பட்டணத்திலும் கடை உண்டு. எது என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும்.

கடிதத்தை வாசித்துச் சொன்னவர் ஹாஜியாரின் தம்பி தாஸிம். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்குக் கல்பெட்டி தூக்கிக்கொண்டு அமெரிக்கா போய் ஏழு மாதம் இருந்தவர். அன்றிலிருந்து இரத்தினபுரியில் மழை பெய்தால் அமெரிக்க மழை இதைவிடப் பெரிதாக இருக்கும். யாருக்காவது பல் வலித்தால் அமெரிக்காவில் அதைவிட வலிக்கும்.

"நியூயோர்க் கடை இருவதாம் மாடியில ஈக்கி" என்று தாஸிம் அண்ணனுக்கு வாசித்தார். "வடக்குப் பாத்த பெரிய கண்ணாடி ஜன்னலாம். 'மிஸ்டர் முஹ்ஸின் கல்லைப் பார்க்க வெளிச்சம் தேடி எழும்பிப் போவதைக் கவனித்தேன். இனி அவர் எழும்பத் தேவையில்லை.' கேட்டீங்களா நானா? இவனுக்காகவே ஜன்னல் வெச்சிருக்கான்! குடும்பத்துக்கு ஆத்துக்கு அங்கால வீடு. எட்டு மைல்."

"சிக்காகோ?" என்றார் ஹாஜியார்.

"பழைய கட்டடம். கீழ கடை, மேல மூணு அறை, பின்னால சின்ன வளவு. துரை மன்னிப்புக் கேக்கிற மாதிரித்தான் எழுதீக்கிறார்."

கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற பளீலாவின் காதில் ஒன்றுதான் விழுந்தது. எட்டு மைல்!

முஹ்ஸின் எழுந்து வெளிச்சம் தேடிப் போவது வெளிச்சத்துக்காக அல்ல. அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். கல்யாணம் முடிந்த பதினோராம் நாள், பழுத்த மிளகாயாகப் பார்த்துப் பறித்து வாருங்கள் என்று பளீலா அவனைக் கொல்லைக்கு அனுப்பினாள். அவன் ஒரு கூடை பச்சை மிளகாயைக் கொண்டுவந்து பெருமையோடு வைத்தான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் காய்ந்த வைக்கோல். இரத்தின வியாபாரியின் மகனுக்கு அல்லாஹ் அப்படி ஒரு கண்ணைக் கொடுத்திருந்தான். அன்றே அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டான்: யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நீலக்கல்லிலும் புஷ்பராகத்திலும் அவனை அசைக்க ஆளில்லை என்பதும் உண்மை. கல்லுக்குள் மயிரிழை அளவு பால் படர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். கல்யாணத்துக்கு முன் அவன் வேறு நிறக் கல்லைத் தொட்டதே இல்லை; இளமைப் பிடிவாதம் என்று ஹாஜியார் விட்டுவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு யாராவது சிவப்புக்கல் கொண்டுவந்தால், "பின்வளவு வெளிச்சத்துல பாத்துட்டு வாறேன்" என்று எழுந்து போவான். பின்வளவில், கிணற்றடியில், பளீலா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கல்லை வாங்கிப் பார்ப்பாள். "நல்ல செவப்பு, ஓரத்துல ஊதா ஓடுது" என்பாள். அவன் திரும்பிப் போய் அதையே கம்பீரமாகச் சொல்வான்.

"மருமகள் வந்த ராசி, மகன்ட கண் தொறந்திட்டுது" என்று ஹாஜியார் ஊரெல்லாம் சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்னவற்றில் அதைவிடச் சரியான வார்த்தை இல்லை.

அதோடு நின்றதா? பின்வளவு வெளிச்சத்தில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று மற்ற வியாபாரிகள் முடிவு கட்டினார்கள். இப்போது கடைவீதியில் பாதிப் பேர் கல்லைத் தூக்கிக்கொண்டு அவரவர் கிணற்றடிக்கு ஓடுகிறார்கள். ஒருவர் கல்லைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு இரண்டு நாள் தண்ணீர் இறைத்தார்.

ஆக, சிக்காகோவில் பின்வளவு இருக்கிறது, படியிறங்கினால் கடை. நியூயோர்க்கில் இருபதாம் மாடியில் அவன், எட்டு மைலுக்கு அப்பால் அவள். முதல் சிவப்புக்கல் வந்த அன்றே கதை முடிந்துவிடும். அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவார்கள். இரத்தினபுரி ஸ்டேஷனில் இறங்கும்போது ஊரே வந்து நின்று மிளகாய் காட்டும்.

இதை வெளியே சொல்லாமல் சிக்காகோவை வாங்கிவிடலாம் என்றுதான் பளீலா முதலில் நினைத்தாள். பன்றி குறுக்கே வந்தது.

"சிக்காகோ எண்டா என்ன ஊர் தெரியுமா?" என்றார் தாஸிம், புதன்கிழமை காலைத் தேநீரோடு. "பண்டி அறுக்கிற ஊர். ஒண்டு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்கில. அந்த ஊர்க் காத்து மூக்குல பட்டாலே தொழுகைக்கு எடுத்த ஒளு முறிஞ்சி போகும்."

"முறியுமா?" என்று ஹாஜியார் கவலையோடு கேட்டார். "பள்ளி லெப்பையிட்ட கேக்கணும்."

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றார் மாமியார் றுகையா. அமெரிக்காவுக்குப் பிரயாணப்பட இருந்தவர் அவரும்தான். மகனுக்கு மருமகள் சோறு போடுவாள் என்பதில் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

பளீலா திரைக்குப் பின்னாலிருந்து வாய் திறந்தாள். "மாமி, அந்த ஊர்ல கடல் மாதிரி ஏரி ஈக்கிதாம். காத்து ஏரிப் பக்கமிருந்துதான் அடிக்கும். வாடை வராது."

"காத்து எங்கயிருந்து அடிக்கும் எண்டு ஒனக்குக் கடிதம் போட்டீக்கா?" என்றார் தாஸிம்.

"இருவதாம் மாடியிலயிருந்து கல் கீழ விழுந்தா என்ன செய்ற, சாச்சா?"

"கண்ணாடி போட்டீக்கி புள்ள. மனுசன் விழுந்தாலும் கல் விழாது."

"எனக்கு ஒசரத்துல தலை சுத்தும்."

"நீ எட்டு மைலுக்கு அங்கால, தரையில. ஒனக்கேன் சுத்துது?"

மாமியார் திரையை விலக்கி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பளீலா, ஒனக்கு ஏன் பண்டிட ஊர்மேல இவ்வளவு பிரியம்?"

மத்தியானத்துக்குள் அது வேலி தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு ஹபீஸா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "பண்டி ஊருக்குத்தான் போவேன் எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களாமே ராத்தா?" என்று கேட்டாள். பளீலா சட்டியை எடுத்துத் தேய்த்தாள். அந்தச் சட்டி அவ்வளவு வெளுத்ததே இல்லை.

அன்று மாலை முஹ்ஸின் கிணற்றடிக்கு வந்தான், கல் இல்லாமல்.

"நீங்க வாயத் தொறந்து சிக்காகோ எண்டு சொல்லுங்க" என்றாள் அவள். "போறது நீங்க. ஒங்கட பேச்ச எடுப்பாங்க."

"வாப்பாட மூஞ்சியப் பாத்து, பண்டி ஊர்தான் வேணும் எண்டு சொல்ல ஏலுமா?"

"அப்ப உண்மையச் சொல்லுங்க."

"நீ வாக்குத் தந்தீக்கிற!"

"நான் சொல்றதா சொல்லல்ல. நீங்க சொல்லுங்க."

அவன் வாளியை எடுத்தான், வைத்தான், கிணற்றை எட்டிப் பார்த்தான். அங்கேயும் யாரும் உதவிக்கு இல்லை.

வியாழன் அஸர் தொழுகைக்குப் பின் ஹாஜியார் ஒரு வழி கண்டுபிடித்தார். பேச்சால் தீராத விஷயத்தைக் கல் வியாபாரி எப்படித் தீர்ப்பான்? இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, விரலை அழுத்தியே விலை பேசிவிடுவான். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே ஊரையும் பேசிவிடலாம் என்றார் அவர். ஒரு விரல் நியூயோர்க். இரண்டு விரல் சிக்காகோ. ஒவ்வொருவராக வந்து அவர் கையை அழுத்த வேண்டும். பெண்களும்தான், போகிறவர்கள் அவர்களும்தானே.

பளீலாவுக்கு உயிர் வந்தது. துணிக்குக் கீழே முகம் பார்க்க வேண்டியதில்லை. உள்ளறையில் அவள் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு விரல். மறந்திடாதீங்க."

"சத்தியமா" என்றான் முஹ்ஸின்.

ரெண்டும் ரெண்டும் என்றால் இழுபறி. இழுபறி என்றால், சிக்காகோவில் கடைக்கு மேலேயே வீடு, துரைக்கு வேறு வீடு தேடும் சிரமம் இல்லை என்று பேசிப் பார்க்கலாம். அதுதான் அவள் கணக்கு.

ஹாஜியார் தன் தலைத்துண்டை மடியில் விரித்தார். தாஸிம் வந்தார், அழுத்தினார், ரகசியத்தைக் காப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். றுகையா மாமி வந்தார். புருஷன் கையைப் பிடிக்க நாற்பது வருடத்துக்குப் பிறகும் வெட்கப்பட்டார். முஹ்ஸின் வந்தான். கடைசியாக பளீலா வந்து இரண்டு விரலையும் நன்றாக அழுத்தினாள். மாமனார் விரல் நெட்டி முறிந்தது.

ஹாஜியார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மூணு பேர் நியூயோர்க். ஒராள் சிக்காகோ." அவர் பளீலாவைப் பார்க்கவில்லை. விரலை மட்டும் தடவிக்கொண்டார்.

உள்ளறையில் முஹ்ஸின் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வாப்பாட கை சூடா இருந்திச்சி. ரெண்டாவது விரல் எழும்பல்ல."

பளீலா அவனுக்குச் சோறு போட்டு வைத்தாள். அவள் சண்டை போடாமல் சோறு போட்டால் அந்த வீட்டில் ஏதோ உடையப்போகிறது என்று அர்த்தம். முஹ்ஸின் பயந்துபோய்ச் சோற்றில் இரண்டு முறை உப்புப் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. தாஸிம் தந்திப் படிவத்தில் நியூயோர்க் என்று ஆங்கிலத்தில் எழுதி மை காய ஊதிக்கொண்டிருந்தார். தபாற்கந்தோர் பத்து நிமிட நடை. அப்போது பார்த்துக் காத்தமுத்து வந்தான். தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். தோட்டத்து ஓடையில் எப்போதாவது கல் அகப்பட்டால் ஹாஜியாரிடம்தான் கொண்டுவருவான்.

"ஒன்னு ஆப்டுச்சுங்க மொதலாளி" என்று வாசலில் நின்று தாள் பொட்டலத்தைப் பிரித்தான். "சின்ன மொதலாளி கண்ணு பட்டாத்தான் எனக்கு நம்பிக்கைங்க. அவரு சீமைக்குப் போறாருன்னாங்க. அதான் வேலைக்குக்கூடப் போகாம ஓடியாந்தேன்."

ஹாஜியாருக்கு முகம் மலர்ந்தது. "நியூயோர்க் போறதுக்கு முன்னால கடைசிக் கல். பாத்துச் சொல்லு மகன். நாங்களும் வாறோம், அந்தப் பின்வளவு வெளிச்சத்த ஒரு தரம் நானும் பாக்கணும்."

"இல்ல வாப்பா, கூட்டம் நிண்டா வெளிச்சம் கலங்கும்" என்று முஹ்ஸின் அவசரமாகச் சொன்னான். அவர்கள் பின்கதவு வரை வந்து மரியாதையாக நின்றுகொண்டார்கள். ஹாஜியார், தாஸிம் கையில் படிவத்தோடு, மாமி, காத்தமுத்து.

கிணற்றடியில் பளீலா இருந்தாள். பாத்திரம் எதுவும் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முஹ்ஸின் கல்லை நீட்டினான். "என்ன நெறம்?" என்றான், உதடு அசையாமல்.

அவள் கையை அவிழ்க்கவில்லை. "நான் இப்ப எட்டு மைலுக்கு அங்கால ஈக்கிறேன்" என்றாள். "இப்படி மெல்லக் கேட்டா கேக்காது."

"விளையாடாத பளீலா. வாப்பா நிக்கிறார்."

அவள் இரண்டு அடி பின்னால் போனாள். வாழைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். "ஆறு வேற குறுக்கால ஓடுது. சத்தமாக் கேளுங்க."

"என்ன நெறம்?" என்றான் கொஞ்சம் உரக்க.

அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன மகன், வெளிச்சம் போதல்லயா?" என்று கதவிலிருந்து ஹாஜியார் கேட்டார்.

"அதுக்குத்தான் நானா வடக்கு ஜன்னல்!" என்றார் தாஸிம். "நான் தந்தியக் குடுத்திட்டு வாறேன். நேரமாகுது."

அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. முஹ்ஸின் உள்ளங்கையைப் பார்த்தான். கல் அருமையான கல். வெடிப்பில்லை, உள்ளே ஒரு துளி அழுக்கில்லை. அவ்வளவும் அவனுக்குத் தெரிந்தது. அதன் நிறம் மட்டும் வைக்கோலாக இருந்தது. வாழைக்கு அப்பால் பளீலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்போது குறும்பு இல்லை. கண் கலங்கியிருந்தது. அவளுடைய சேலை என்ன நிறம் என்று ஆறு வருடமாக அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பின்கதவைப் பார்த்து, எட்டு மைலுக்கும் கேட்கிற குரலில் கத்தினான்:

"சாச்சா, நில்லுங்க! வாப்பா, எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்டுதான்! இத்தன நாளும் கல் பாத்தது பளீலா!"