பகலில் சிவப்பாக நின்ற கட்டடங்கள்

தேனி மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கிற ராக்கையா, நிற்கிற மாட்டுக்கு விலை சொல்லமாட்டார். நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மகள் செல்வமணியை அக்காள் மகன் ஒச்சாண்டிக்குக் கொடுக்கலாமா என்று முடிவு பண்ணவும் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பொண்டாட்டி பிச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு வீரபாண்டியிலிருந்து மெட்ராஸுக்கே வந்துவிட்டார். அது எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாசம். மழை விட்டிருந்தது.

"செல்வமணி சரின்னுட்டா. பாக்கி நான்தான்," என்றார். "ரெண்டு வருசமா இங்கன பொழைக்கிற. பாரிஸ் முக்கு உள்ளங்கை மாதிரின்னு காயிதம் போட்ட. எங்கள நடத்திக் கூட்டிட்டுப் போயிக் காட்டு. சரிப்படலைன்னா பொட்டிப்புரத்துலருந்து ஒரு எடம் கேட்டுக்கிட்டு இருக்காக."

ஒச்சாண்டி அத்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் பார்ப்பது அச்சாபீஸில் ராத்திரி ஷிப்டு. பொழுது சாய்ந்து போனால், விடிந்த பிறகு வந்து லாட்ஜ் பாயில் விழுவான். எந்தச் சந்தில் நாய் கடிக்கும், எந்தக் கடை டீ வாயில் வைக்க விளங்காது என்பதெல்லாம் அத்துப்படி. கட்டடங்களை மட்டும் அவன் கறுப்பாகத்தான் பார்த்திருந்தான். இப்போது எல்லாம் சிவப்பாக நின்றன. எது என்னவென்று பிடிபடவில்லை.

அதற்காகச் செல்வமணியைப் பொட்டிப்புரத்துக்கு அனுப்ப முடியாது. கடற்கரையைப் பார்த்து நின்ற பெரிய கட்டடத்தைக் காட்டினான்.

"இதுதான் மாமா ஐகோர்ட்டு."

ராக்கையா வாசலில் கொய்யாக்காய் விற்றவளைத் தாண்டிப் படியேறி உள்ளே பார்த்துவிட்டு வந்தார்.

"ஐகோர்ட்டுல எதுக்குடா எல்லாரும் ஸ்டாம்ப நக்கி ஒட்டுறாக?"

"கோர்ட்டு ஸ்டாம்ப் மாமா. அது இல்லாம மனுவ வாங்க மாட்டாக."

"பொட்டலம் கட்டி அரக்கு வைக்கிறாக?"

"அது சாட்சிப் பொருளு."

பிச்சையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒச்சாண்டி அவசரமாக ஒரு சந்துக்குள் திரும்பினான். சந்து ஒரு முட்டுச்சந்தில் விட்டது. திரும்பி நடந்தான். சர்ச் ஒன்றைக் காட்டி, வெள்ளைக்கார கலெக்டர் குடியிருந்த வீடு என்றான். உள்ளே மணி அடித்தது. கலெக்டருக்குச் சாப்பாட்டு மணி என்றான். நடந்து நடந்து கடைசியில் முதலில் பார்த்த சிவப்புக் கட்டடத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள்.

"ஏலே, இது நம்ம பின்னாடியே வருதா?" என்றார் ராக்கையா.

"இது வேற மாமா. அதைப் பாத்து இதைக் கட்டினாக."

"வாசல்ல இருக்கிற கொய்யாக்காக்காரியையும் சேத்தா கட்டினாக?"

பிச்சையம்மாள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கால் போச்சு. ஏப்பா, ஒனக்கு இந்த ஊரு தெரியாதுல்ல?"

ஒச்சாண்டிக்கு இதற்கு மேல் பொய் வரவில்லை. "ராத்திரி தெரியும் அத்தை. பகல்ல தெரியாது."

பொட்டிப்புரத்துக்காரனுக்குத் தாம்பூலம் மாற்றுவது அவன் கண்ணுக்கு முன்னால் ஓடியது. ராக்கையாவோ அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"சொத்தை மாடு போக்கிடம் தெரியலைன்னா நடுரோட்டுல படுத்துக்கிரும். நீ படுக்கல. முட்டுச்சந்துல முட்டுன, திரும்பி நடந்த. அத்தை பையையும் கீழ வைக்கல. நடை பரவால்ல. பொய்தான் மட்டம். இனிமே வாய மூடிக்கிட்டு வா. நான் வழி கேக்குறேன்."

சந்தையில் கூப்பிடுகிற குரலில் அவர் ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டார். பிச்சையம்மாள் உட்கார்ந்திருந்தது பெரிய தபாலாபீஸ் படி என்று போலீஸ்காரர் சொன்னார். ஐகோர்ட்டுக்கும் கோட்டைக்கும் கை காட்டினார்.

ஐகோர்ட்டு கும்மட்டத்தின் உச்சியில் கண்ணாடிக் கூண்டைப் பார்த்ததும் ஒச்சாண்டி நின்றுவிட்டான். ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் தலைக்கு மேல் சுற்றிப் போன வெளிச்சம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. இத்தனை நாள் அதைக் கப்பல் வெளிச்சம் என்று நினைத்திருந்தான். வளாகத்தில் தனியாக நின்ற உயரமான கல்தூண்தான் அதற்கு முந்தைய கலங்கரை விளக்கம் என்று கோர்ட்டுச் சேவகரான ஒரு டவாலி சொன்னார். ஒச்சாண்டி அதைச் சுற்றி வந்தான், தொட்டுப் பார்த்தான்.

"ஊரு சுத்திப் பாக்க வந்தது நாமளா, இவனா?" என்றாள் பிச்சையம்மாள்.

"பாக்கட்டும். நாளைக்கு செல்வமணி கேட்டா இவன்தான சொல்லணும்."

ஒச்சாண்டி சட்டென்று திரும்பினான். மாமா அதற்குள் கோட்டையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

கோட்டைக்குள் மாதா கோயிலைப் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ராக்கையா தோள் துண்டை உருவி ஒச்சாண்டியின் கைமேல் போட்டு, அடியில் அவன் விரல்களைப் பிடித்தார். சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை, துண்டுக்கு அடியில் விரல்தான் பேசும். ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினார். ஐந்து மாசம் கழித்துக் கல்யாணம், பங்குனியில்.

ஒச்சாண்டி இரண்டு விரலை உருவிக்கொண்டான். மூன்று. தையில்.

ராக்கையா மறுபடி ஐந்தையும் வளைத்துப் பிடித்தார். அவன் மறுபடி உருவினான்.

"துண்டுக்குள்ள என்ன ரகளை?"

"ஒன் மருமகன் தையிலயே வேணுங்கிறான். பங்குனிக்குக் கொறைய மாட்டேன்னு சொல்றேன்."

பிச்சையம்மாள் தன் கையையும் துண்டுக்குள் விட்டாள். புருஷன் பிடியிலிருந்து இரண்டு விரலைப் பிரித்து விட்டாள்.

"பொங்கல் கழிச்சு நாள் பாருங்க. எந்திரிங்க, இருட்டுறதுக்குள்ள நான் கடலைப் பாக்கணும்."