நூற்றைம்பது சுற்று

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பழைய கேசட் ஒன்றை டிஸ்க்கில் ஏற்றக் கொடுத்த கடையில், வேலை முடியும்வரை என்னை உட்காரவைத்து கடைக்காரர் சொன்னது. பெயர்களைக் கேட்டேன். "அது எதுக்குங்க?" என்றுவிட்டார். ஆகவே மகள், அம்மா, கடைக்காரர். மூன்று பேர் போதும்.

நான் எழுதிய முதல் வரி: 'மறதி என்பது ஒரு நீண்ட...' [அடித்துவிட்டேன். மறதியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?]

2

மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. காலை எட்டுக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறு. அம்மா டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். ஆயிரம் எண்களை நாக்கு நுனியில் வைத்திருந்தவர். இப்போது மகள் எங்கே போனாள் என்பது அவர் மனதில் ஐந்து நிமிஷம் நிற்பதில்லை. தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். கீழ்வீட்டு அத்தை இரண்டு முறை பஸ் நிறுத்தத்திலிருந்து கைப்பிடித்துக் கூட்டி வந்தார். ஆள் வைத்துப் பார்த்தாள் மகள். அந்த ஆளிடமும் அம்மா மகளைத்தான் கேட்டார்.

ஒரு ஞாயிறன்று மகள் நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனை எதிரே நிறுத்தி, நான்கு நிமிஷம் பேசினாள். வேலைக்குப் போயிருக்கிறேன், ஆறு மணிக்கு வந்துவிடுவேன், சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, நீ எங்கேயும் தேட வேண்டாம். அதைக் கடைக்காரரிடம் கொடுத்து, டிவியில் நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும்படி டிஸ்க் போட்டுத் தரச் சொன்னாள்.

3

[இந்த இடத்தில் மகளைச் சந்தேகித்தேன். பெற்றவளை டிவியிடம் ஒப்படைப்பவளா? இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு என் வீட்டில் யார் யாரை எதனிடம் ஒப்படைக்கிறோம் என்று யோசித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.]

முதல் டிஸ்க் சரிப்படவில்லை. முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் திரை இரண்டு விநாடி கறுத்தது. அந்த இரண்டு விநாடிக்குள் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கடைக்காரர் மகளை மறுபடி பேசவைத்தார். தொடக்கத்திலும் முடிவிலும் வாயை மூடி, கையை மடியில் வைத்து, ஒரே மாதிரி உட்காரச் சொன்னார். ஒட்டுத் தெரியாமல் ஒட்டினார். அம்மா எழுந்திருப்பது நின்றது.

4

மூன்றாம் வாரம் ஒருநாள் மகள் கதவைத் திறந்து, "அம்மா, வந்துட்டேன்" என்றாள்.

அம்மா திரும்பவில்லை. "கொஞ்சம் சும்மா இரும்மா. என் பொண்ணு பேசிக்கிட்டிருக்கா."

மகள் பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் பேச்சையே கேட்டாள். டிவியில் இருந்தவள் களைப்பில்லாமல் பேசினாள்.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகள் டிஸ்க்கை உடைக்கிறாள். இன்னொன்றில் வேலையை விடுகிறாள். மூன்றாவதில் அம்மா சட்டென்று... [வேண்டாம். அப்படியெல்லாம் நடப்பதில்லை.]

நடந்தது இது. மறுநாள் அவள் கடைக்குப் போனாள்.

"டிவியில இருக்கிறவ எழுந்து போகணும்ண்ணே. அப்பத்தான் நான் உள்ள வர முடியும்."

கடைக்காரர் கணக்குப் போட்டார். நான்கு நிமிஷம், பத்து மணி நேரம். நூற்றைம்பது சுற்று. அத்தனை சுற்றுக்குப் பிறகு கடைசித் துண்டுக்குத் தாவும்படி டிஸ்க்குக்கே எண்ணக் கற்றுக்கொடுத்தார்.* கடைசித் துண்டு ஒரு நிமிஷம்கூட இல்லை: 'அம்மா, வாசல்ல வந்துட்டேன். கதவைத் திறக்கிறேன், பாரு.' எழுந்து போகிறாள். காலி நாற்காலி.

* நடுவில் கரண்ட் போனால் எண்ணிக்கை என்னாகும் என்று கேட்டேன். "எல்லாத்தையும் நீங்களே கேட்டுருவீங்களா?" என்றார்.

6

முதல் நாள் மகள் ஒரு பஸ் முன்னாடியே வந்துவிட்டாள். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே தன் குரல் கேட்டது: சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, தேட வேண்டாம். இடையிடையே அம்மா 'சரிம்மா, சரி' என்றார். தன்னிடம் அம்மா இவ்வளவு பொறுமையாகப் பேசிக் கேட்டதில்லை என்று மகளுக்குத் தோன்றியது. பாதியில் திறக்கக் கை வந்தது. திறக்கவில்லை. அவள் பேசி முடிக்கட்டும்.

பிறகு, 'கதவைத் திறக்கிறேன், பாரு.'

நாற்காலி நகரும் சத்தம். மகள் சாவியைத் திருப்பினாள். அம்மா டிவியைவிட்டு வாசல்பக்கம் திரும்பி, அவளைப் பார்த்து ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று மகள் கடைக்காரரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. டிஸ்க் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொல்லி, இன்னொரு பிரதி கேட்டாளாம். அம்மா சொன்ன அந்த வாக்கியத்துக்காக ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவின் குரலில் எழுதிக்கொள்ளுங்கள்.

"....................................."