சுண்ணாம்பு கூடிய நாற்காலி

1.

ஒரு நாற்காலி உடைந்ததால் பிறந்த கதை இது. சிவதர்ஷினி சிங்கப்பூர்த் தேக்காவில் தேநீர் குடித்தபடி சொன்னாள். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பூன் லே வானில் மேகங்கள் கண்ணீரை...' வேண்டாம். அந்த நாற்காலிக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை.

2.

பூன் லே பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சிவதர்ஷினி சோதனைப் பொறியாளர். நாற்காலி வார்க்கும் பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புக்கல் தூள் கலப்பது வழக்கம். அளவோடு கலந்தால் நாற்காலி விறைப்பாக நிற்கும். அளவு மீறினால் விறைப்பு இன்னும் கூடும். ஆனால் திடீர் அடியைத் தாங்கும் குணம் போய்விடும். வளைந்து எச்சரிக்காது, படக்கென்று ஒடியும்.

(இந்தப் பத்தியை நீக்கச் சொன்னார் நண்பர் ஒருவர். நீக்கினால் கதைக்கு உட்கார இடமிருக்காது.)

தூள் மலிவு. விற்பனை மேலாளர் சரத் அதை இரட்டிப்பாக்கச் சொல்லிவிட்டார்.

"கெட்டியா இருக்குல்ல? அப்ப ஸ்ட்ராங்தானே லா."

"கெட்டியா இருக்கிறது வேற, அடி தாங்குறது வேற சார். தொப்புனு உக்காந்தா உடைஞ்சிரும்."

"கஸ்டமர் முன்னாடி இதெல்லாம் சொல்லாதீங்க, தர்ஷினி."

3.

கஸ்டமர் பாக்கியலட்சுமி, கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவர். (அவரை வில்லியாக்கப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை.) சரத் அவர் முன்னால் நாற்காலிமேல் மெல்ல ஏறி, கைகளை விரித்து நின்றார். நாற்காலி அசையவில்லை.

"பாத்தீங்களா அக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. இருங்க, உக்காந்து பாக்குறேன்."

பாக்கியலட்சுமிக்கு முழங்கால் வலி. அவர் உட்காருவதில்லை; விழுவார்.

சிவதர்ஷினி சரத்தைப் பார்த்தாள். [சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.] அவளுக்கும் பிடிக்கவில்லை போலும்.

"ஒரு நிமிஷம் அக்கா" என்று குறுக்கே புகுந்து, தானே தொப்பென்று உட்கார்ந்தாள்.

பின்கால்கள் இரண்டும் ஒடிந்தன. தரையில் கிடந்தவளுக்கு இடுப்புக்குக் கீழே சுரீரென்றது. வலியைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது என்றாள். (நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.)

"பாத்து உக்காரக் கூடாதா?" என்றார் சரத்.

பாக்கியலட்சுமி அவளைக் கைதூக்கிவிட்டார். "என் வெயிட்ல பாதிகூட இல்ல இந்தப் பொண்ணு" என்று சரத்திடம் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

4.

முதல் வடிவில் சரத் மனம் திருந்தினார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். இரண்டாவதில் சிவதர்ஷினிக்குப் பதவி உயர்வு கொடுத்தேன். படித்துவிட்டு அவளே சிரித்தாள்.

"நிஜமா என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஆர்டர் போச்சு. என் வேலையும் போச்சு. இப்ப பிடோக் பக்கம் வேற கம்பெனி. அந்த நாற்காலிங்கள வேற யாரோ வாங்கிட்டாங்களாம்."

"யாரு?"

"அதான் தெரியல."

எனக்கும் தெரியாது. ஆகவே முடிவை எழுத வேண்டியவர் அவற்றில் ஒன்றில் உட்காரப்போகிறவர். அது நீங்களாகவும் இருக்கலாம்.

மெதுவாக உட்காருங்கள்.