கியர் ராடுக்குள் சிவப்பு நூல்

ஃபோர்மேனுக்குக் காது கூர்மை. அதை அவரே சொல்வார், சொல்லிக்கொண்டே இருப்பார். முப்பத்திரண்டு வருடம் பட்டறையில் குப்பை கொட்டியவர். "பானெட்டையெல்லாம் திறக்காதே, ஸ்டார்ட் பண்ணு போதும்" என்பார். வண்டி இரண்டு உறுமு உறுமியதும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்ன பேரிங், இன்ன பெல்ட் என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை. பேசி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

ஓய்வுபெற்று மூன்று வருடமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் ஃபோர்மேன்தான். அவருடைய பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது, அவரே போட்டது. எந்த வண்டியிலாவது ஒட்டுவேலை செய்தால், அதாவது சரியான சாமான் வரும்வரை எதையாவது வைத்துச் சமாளித்தால், ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். பார்க்கிறவன் கண்ணில் உறுத்த வேண்டும். சரியான சாமானைப் போட்ட பிறகுதான் துணியை அவிழ்க்கலாம். கட்ட மறந்தவன் அன்றைக்குச் செத்தான். "மனுஷனுக்கு மறதி இருக்கும்டா, துணிக்குக் கிடையாது" என்று அவர் கத்துவது எதிர்வரிசைக் கடைவரைக்கும் கேட்கும்.

அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை, மடக்குகிற கூரை, பாசிப்பச்சை நிறம். இரும்புக்கடைக்குப் போகவிருந்ததை இழுத்துவந்து ஒவ்வொரு திருகாகச் சேர்த்து ஓடவைத்தார். "என்னையும் புள்ளையையும் ஒரு நாளாவது இப்படித் துடைச்சிருக்கீங்களா?" என்று மனைவி கேட்காத வாரமில்லை.

அந்தக் கார்தான் ஆறு மாதமாக ஷெட்டில் போர்த்திக் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போர்வையை இழுத்தெறிந்தபோது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு எதுக்குங்க அதை நோண்டுறீங்க? மதியம் புள்ளைங்க வர்றாங்க. எவ்வளவு கெஞ்சி வரச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"அதுக்குத்தான் நோண்டுறேன். உன் தம்பியும் வர்றானில்ல? அன்னைக்கு யார் யார் இருந்தாங்களோ, அவங்க முன்னாடியே எடுத்து வைக்கிறேன். கியருக்குள்ள வளைஞ்சு கிடக்கிற ஃபோர்க்கைத் தட்டுல வச்சுக் காட்டினா அப்புறம் யாரும் என்னை முறைக்க முடியாது."

"வாயில நல்லா வருது. உங்க ஃபோர்க்கும் நீங்களும்! ஆறு மாசமா என் பொண்ணு இந்த வாசலை மிதிக்கலை. இன்னைக்கும் ஏதாவது பேசி அவ எழுந்து போனா, நானும் அவ பின்னாடியே போயிடுவேன். சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அது ஃபோர்மேனுக்குத் தெரியும். ஆனாலும் நியாயம் தன் பக்கம் இருக்கும்போது ஒரு மனிதன் எதற்குப் பயப்பட வேண்டும்?

நடந்தது இதுதான். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆன அன்று மாப்பிள்ளை காரைக் கேட்டார். மாப்பிள்ளை தையற்காரர், கடைத்தெருவில் சொந்தக் கடை. அளந்து பேசுகிறவர், வெட்டும்போது மட்டும் யோசிக்காதவர். ஃபோர்மேன் அரை மனதோடு சாவியைக் கொடுத்தார். காலையில் போனவர்கள் இருட்டுகிற நேரத்தில் திரும்பினார்கள். வாசலில் வண்டி நிற்கும்போதே கியர் ராடு கடகடவென்று ஆடுகிற சத்தம் ஃபோர்மேனின் காதில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை இறங்கி, "மாமா, வந்து..." என்று வாயெடுப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"க்ளட்ச்சை மிதிக்காம கியரைப் பிடிச்சு இழுத்திருக்கே. உள்ளே கியரைத் தள்ளுற ஃபோர்க் வளைஞ்சு போச்சு. தையல் மெஷினை மிதிச்ச காலுக்கு க்ளட்ச் எங்க தெரியப் போவுது? உன்னை நம்பிக் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

வீட்டு மாப்பிள்ளையை, மச்சினன் பார்த்திருக்க, நீ வா போ என்று. நாக்கில் எலும்பில்லை என்பது சும்மாவா? மாப்பிள்ளை முகம் சுண்டிப்போய் நின்றார். மகளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு, "மன்னிச்சிடுங்க மாமா, என் தப்புதான்" என்றார்.

மகள்தான் பொங்கினாள். "அப்பா, முதல்ல அதைத் திறந்து பாருங்க. அப்புறம் பேசுங்க."

"நான் எதுக்குத் திறக்கணும்? என் காது என்ன செவிடா?"

"அப்போ திறக்கிறவரைக்கும் நான் இங்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தவள்தான். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். அப்பா எடுத்தால், "அம்மாகிட்ட கொடுங்க" என்பாள். ஆறு மாதம் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கவே அவர் ஓடி ஓடிப் போனை எடுத்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கியர் ராடைக் கழற்றினால் அடியிலிருக்கும் புஷ்ஷையும் மாற்றிவிடுவது முறை. விரல்நுனி அளவு பிளாஸ்டிக் வளையம் அது. ராடின் அடிநுனி அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். அது தேய்ந்தால் ராடு ஆடும். அலமாரி டிராயரைத் துழாவியபோது உறை பிரிக்காத புதிய புஷ் ஒன்று கிடைத்தது.

"பார்த்தியா, எப்பவோ வாங்கி வச்சிருக்கேன். இதுக்குப் பேர்தான் முன்யோசனை" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

"எதுக்கு வாங்கினீங்க?"

"அது யாருக்கு ஞாபகமிருக்கு?"

ஷெட்டில் உட்கார்ந்து ராடின் தலைக்குமிழைத் திருகி எடுத்தார். தோலுறையைக் கழற்றினார். அதன் கீழே தகட்டை நான்கு திருகுகள் பிடித்திருந்தன. நான்காவதன் தலை லேசாக மழுங்கியிருந்தது. அளவு சேராத திருப்புளி பட்ட அடையாளம். யாரோ திறந்திருக்கிறார்கள்! அவருக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஓகோ, உடைத்ததும் இல்லாமல் உள்ளே கைவைத்தும் பார்த்திருக்கிறாரா மாப்பிள்ளை? இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபடி ராடை மேலே உருவினார்.

கிரீஸோடு வெளியே வந்த நுனியில் புஷ் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலப் பட்டை வளைத்துச் சொருகியிருந்தது. குறுக்கே விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்கு மேல் சிவப்பு நூல், மெழுகு தேய்த்த தடித்த நூல், இடைவெளியே இல்லாமல் வரிசையாகச் சுற்றியிருந்தது. முடிச்சு தெரியவில்லை. பொத்தான் காஜா எடுக்கிற கைக்குத்தான் அப்படிச் சுற்ற வரும்.

ஃபோர்மேன் கந்தல் துணியால் கிரீஸைத் துடைத்தார். நீலப் பட்டையில் ஒரு வெள்ளை மீனின் வால் தெரிந்தது.

அந்த மீனை அவருக்குத் தெரியும். மகளின் தண்ணீர் பாட்டிலில் இருந்த மீன் அது. ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய கல்லூரி நேர்முகத் தேர்வன்று காலையில் வண்டியை எடுக்கப்போனால் புஷ் பொடிப்பொடியாகிக் கிடந்தது. மகள் அழ ஆரம்பித்தாள். "அப்பா இருக்கேன், ஏன் அழுறே?" என்று அவள் பாட்டிலையே பிடுங்கி, கத்தரித்து, வளைத்துச் சொருகி, நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார். அன்றே புது புஷ்ஷுக்குச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அது வந்தது. நாளைக்குப் போடலாம் என்று டிராயரில் வைத்தார். வண்டிதான் நன்றாக ஓடுகிறதே! சிவப்புத் துணி? சொந்த வண்டிக்கு எதற்குத் துணி, எனக்கா மறக்கும்?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காது இரண்டும் சுட்டன. ஃபோர்க்காம், வளைந்ததாம்! ஊருக்குத்தான் உபதேசம். ஒட்டுவேலை செய்த கையை ஒடிக்க வேண்டும் என்று எத்தனை பேரை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார்! நடு ரோட்டில் இது உடைந்து, மாப்பிள்ளை இதைத் திறந்து, மகள் பக்கத்தில் நின்று தன் பாட்டிலை அடையாளம் கண்டு, பையிலிருந்த நூலால் இதைச் சுற்றி, வண்டியை மெதுவாக ஓட்டி வீடு சேர்த்திருக்கிறார்கள். அதற்குக் கிடைத்த வரவேற்புதான் செருப்புப் பேச்சு. நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

வாசலில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள். ஃபோர்மேன் சட்டென்று அந்த வளையத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார். யாரும் பார்க்கவில்லை. புது புஷ்ஷைப் போட்டு மூடிவிட்டால் கதை முடிந்தது. அந்த எண்ணம் வந்ததற்கும் சேர்த்து அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வளையத்தை வெளியே எடுக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் அப்பாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதுபோலக் கேட்டாள். மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், வாய் சும்மா இருக்காது.

"என்ன மச்சான், அக்கா சொன்னா, இன்னைக்குக் கேஸ் விசாரணைன்னு. சாட்சி எங்க? வளைஞ்ச ஃபோர்க்கு எங்க?"

மனைவி தம்பியை முறைத்தாள். எல்லோரும் ஃபோர்மேனைப் பார்த்தார்கள்.

"ஃபோர்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் தட்டைப் பார்த்தபடி. "புஷ்ஷு தேஞ்சிருக்கு. பழைய வண்டி பாரு... தானா தேஞ்சிருக்கு."

தானாகவாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மகள் கை நின்றது. அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை அவசரமாகச் சொன்னார்: "ஆமா மாமா, பழைய வண்டின்னா அப்படித்தான். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எத்தனை நாளைக்கு உழைக்கும்?"

மறுபடியும் தாங்கிப் பிடிக்கிறார். அன்றைக்குப் பழியைச் சுமந்தவர் இன்றைக்குப் பொய்யையும் சுமக்கிறார், அதுவும் முகத்தில் ஒரு சின்னக் கோணல்கூட இல்லாமல். மகள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அந்தச் சத்தத்துக்கு ஃபோர்மேனின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது.

வளையத்தை மேசை நடுவில் வைத்தார்.

"தானா தேயலை. இது நான் பண்ணின ஒட்டுவேலை. ஒன்பது வருஷமாச்சு. புது புஷ்ஷை வாங்கி டிராயர்ல போட்டுட்டு மறந்துட்டேன். துணியும் கட்டலை." மச்சினனைப் பார்த்தார். "அன்னைக்கு நீ இருந்தேல்ல? இன்னைக்கும் கேட்டுக்கோ. மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. என் மேலதான்."

மனைவி வளையத்தை எடுத்து, மீன்வாலைப் பார்த்து, வாயில் கைவைத்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன் மாமா. அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிட்டீங்க. அப்புறம் எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது? உங்க பட்டறைச் சட்டம் ஞாபகம் வந்துதான் வழியிலேயே சிவப்பு நூலா எடுத்துச் சுத்தினேன். என்னைக்காவது திறந்தா நீங்களே தெரிஞ்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

"திறக்கத்தான் ஆறு மாசமாச்சு" என்றாள் மகள். "இவர் சத்தியம் வாங்கிட்டார்ப்பா, சொல்லக் கூடாதுன்னு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சீங்களா?"

ஃபோர்மேன் எழுந்து நின்றார். பட்டறையில் அத்தனை பேரை நிற்கவைத்தவருக்கு நிற்கத் தெரியவில்லை, கையை எங்கே வைப்பதென்று புரியவில்லை. "மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை" என்றார். மகள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடும்மா."

மாப்பிள்ளை பதறி எழுந்து, "ஐயோ மாமா, உட்காருங்க, சாப்பிடுங்க" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டில் கைவைத்தாள்.

சாப்பிட்டபின் புது புஷ்ஷை மாப்பிள்ளைதான் போட்டார். ஃபோர்மேன் டார்ச் பிடித்தார், வாயைத் திறக்கவில்லை. கியர் ராடு இப்போது சத்தமே இல்லாமல் ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் விழுந்தது.

கிளம்பும்போது மகள் வாசலில் நின்று, நீல வளையத்திலிருந்து நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். அப்பாவின் கையை இழுத்தாள். ஆறு மாதம் கழித்து அவள் தொடுகிறாள் என்பதிலேயே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் நூலை அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிந்தாள்.

"இன்னைக்கு நான் சாப்பிட்டுட்டுப் போறது ஒட்டுவேலைதான்ப்பா. சரியாகிப் போச்சுன்னு நினைச்சு டிராயர்ல போட்டுடாதீங்க."

"எப்பம்மா அவிழ்க்கிறது?"

"நான் சொல்றேன்" என்று அவள் அந்தப் பச்சைக் காரில் ஏறினாள். சாவி மாப்பிள்ளை கையில் இருந்தது.

மறுநாள் தெருமுனைக் கடைக்காரர், "என்ன ஃபோர்மேன், கையில கயிறு, வேண்டுதலா?" என்று கேட்டார். ஃபோர்மேன் சட்டைக் கையை இழுத்து மூடப்போனார். பிறகு மூடாமல் விட்டுவிட்டார்.

"இல்லப்பா, வேலை இன்னும் முடியலை" என்றார்.