விற்கப் போன கார்

திங்கட்கிழமைக்குள் கார் ஷெட்டைக் காலி செய்து தருவதாக மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அங்கேதான் அவள் தையல் வகுப்பு தொடங்கப் போகிறாள். பத்து வருட ஆசை. ஆறு பெண்கள் பெயர் கொடுத்தாயிற்று. நான்கு தையல் மெஷின்கள் வந்து கூடத்தில் நடக்க வழி விடாமல் நிற்கின்றன.

சனிக்கிழமை காலையில் காரைக் கழுவித் துடைத்து, புரோக்கரிடம் ஓட்டிப் போனார். அவன் சொன்ன விலையைக் கேட்டதும் தலை சுற்றியது.

“போன வருஷம் இதைப் போல ரெண்டு மடங்கு சொன்னியேப்பா! ஒரு கீறல் இருக்கா பாரு.”

“வண்டியில ஒரு குறையும் இல்ல சார். கம்பெனிக்காரன் இந்த மாடலையே நிறுத்திட்டான். நாளைக்கு ஒரு லைட்டு உடைஞ்சா எங்க போய் வாங்குறதுன்னு எல்லாரும் பயப்படுறாங்க. போகப் போக இன்னும் எறங்கும்.”

எங்கோ யாரோ ஒரு மாடலை நிறுத்தினால், தன் ஷெட்டில் சும்மா நிற்கும் காரின் விலை எதற்காக இறங்க வேண்டும்? மூளையைக் கசக்கிப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. அந்த விலைக்குக் கொடுக்க மனமும் வரவில்லை.

“ஸ்பேர் கிடைச்சா விலை ஏறுமா?”

“ஏறாம என்ன சார்? அதோ மூலையில அதே மாடல் ஒண்ணு ஓடாம நிக்குது. பழைய இரும்பு விலைக்குத் தர்றேன். ரெண்டையும் சேர்த்துக் காட்டினா, வாங்குறவன் தைரியமா வாங்குவான்.”

அந்த நேரத்தில் அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் மனிதருக்குத் தன் கண்ணெதிரே இருந்தது தெரியாமல் போயிற்று.

சாயங்காலம் ஷெட்டுக்குள் ஒரு கார். கட்டி இழுத்து வந்த இன்னொன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மனைவி வெளியே வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க, விக்கத்தானே போனீங்க?”

“விக்கத்தான். இது இருந்தாத்தான் அது விக்குமாம்.”

“எப்போ விக்கும்?”

அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. உள்ளே போய், கூடத்தில் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொருத்திக்கும் போன் போட்டாள். “திங்கக்கிழமை வர வேண்டாம்மா. அப்புறமா சொல்றேன்.” ஆறாவது பெண் காரணம் கேட்டாள் போலிருக்கிறது.

“எங்க வீட்டுக்காரருக்கே புரியலம்மா. நான் உனக்கு என்னன்னு சொல்றது?”