சீரியஸ் என்று அடித்தேன்

வெள்ளிக்கிழமை விடியும்போது அய்யா செத்துப்போனார். கத்தாரில் இருக்கிற அண்ணன் தனுஷ்கோடியின் போன் அணைந்து கிடந்தது.

"மூத்தவன் இருக்கையில நீ கொள்ளி வைக்கணும்னா அவன் ஒரு வார்த்தை சொல்லணும்ப்பா. இந்த வெயிலுக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்காது," என்றார் தாய்மாமன்.

கமுதிக்கு பைக்கை விரட்டினேன். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அண்ணன் கத்தாரில் கம்ப்யூட்டரில் மெசஞ்சரைத் திறந்து உட்கார்ந்திருப்பான். "நீயும் ஒரு ஐடி ஆரம்பிலே" என்று நச்சரித்து, அவன் ஐடியை என் செல்லுக்கு அனுப்பியும் வைத்திருந்தான். மிளகாய்க் களத்தை விட்டுவிட்டு அதற்கென்று எவன் கமுதிக்குப் போவான்?

பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற சண்முகவள்ளி அக்கா விஷயத்தைக் கேட்டதும் என்னை உட்காரவைத்தார். ஐடிக்கு முத்தழகு என்று என் பெயரைக் கொடுத்தால் வேறு எவனோ எடுத்துவிட்டானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெறந்த தேதி சொல்லுங்க தம்பி."

"அது அய்யாவுக்குத்தான் தெரியும்க்கா."

அவரே ஏதோ ஒரு தேதியைப் போட்டார். அண்ணன் ஐடியைச் சேர்த்ததும், அவன் சம்மதித்தால்தான் பேச முடியும் என்றார். வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு, இங்கே அவன் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக அதன் பக்கத்தில் விளக்கு எரிந்தது.

"ஏலே, வந்துட்டியா," என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. கூடவே ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்தது.

"நான் அடிச்சுத் தரவா?" என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் அடித்தேன்: "அய்யா சீரியஸ்."

எங்கள் பக்கம் வெளியூரில் இருக்கிறவனிடம் சாவை நேராகச் சொல்லமாட்டோம். சீரியஸ் என்போம். சொல்கிறவனின் குரல் உடைவதிலேயே கேட்கிறவன் புரிந்துகொண்டு அழுவான். இந்தச் சனியனில் குரல் ஏது? அது எனக்கு உறைக்கவே இல்லை.

"ஏலே, மதுரைக்குக் கொண்டு போ. பெரிய டாக்டர்ட்ட காட்டு," என்றான். நான் அடுத்த எழுத்தைத் தேடுவதற்குள் அடுத்த வரி வந்தது. "இன்னைக்கும் டூட்டி போட்டுட்டாக. வண்டி வந்துருச்சு, போறேன். நான் கேட்டேன்னு அய்யாட்ட சொல்லு."

"இருண்ணே" என்று அடித்து முடிக்கும்போது விளக்கு அணைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் "அய்யா செத்துட்டாரு, நான் கொள்ளி வைக்கவா" என்று முழுதாக அடித்தேன். அக்காவைப் பார்த்தேன்.

"அடுத்து எப்பத் தெறக்குறாகளோ அப்பத்தான் பாப்பாக தம்பி," என்றார்.

செல் அடித்தது. மாமா.

"கெடைச்சானா? என்னப்பா சொன்னான்?"

"அய்யாவக் கேட்டதாச் சொல்லச் சொன்னான் மாமா," என்றேன். "எடுக்குறதுக்கு ஏற்பாடு பண்ணுங்க. கொள்ளி நான் வைக்கிறேன். வாரேன்."